வலது பக்கத்து வைப்பர்

இடது வைப்பர் ஓடுகிறது, வலது வைப்பர் செத்துக் கிடக்கிறது, இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது என்று செல்வின் ஸ்விட்சை மறுபடியும் தட்டினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இடது கை விறைப்பாக எழுந்து மழையை வழித்துத் தள்ளிவிட்டுப் படுத்தது, திரும்ப எழுந்தது. வலது கை மட்டும், டிரைவர் முகத்துக்கு நேரே இருக்கிற அந்த ஒன்று மட்டும், தூங்குகிறவனை உலுக்கினால் தோளை அசைத்துவிட்டுப் புரண்டு படுப்பானே, அந்த மாதிரி ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டு அப்படியே கிடந்தது. உள்ளே மோட்டார் முனகுவது நன்றாகவே கேட்கிறது. கேட்காமல் இருந்திருந்தால் தேவலை. மோட்டார் போச்சு, இன்றைக்கு ஆகாது என்று சொல்லிக் கையைக் கழுவிவிடலாம். வால்பாறையில் ஆனி மாதம் பிறந்தால் மழை நிற்பது என்று ஒன்று கிடையாது, கொஞ்சம் மெல்லப் பெய்வது, கொஞ்சம் வலுக்கப் பெய்வது, அவ்வளவுதான். வீட்டு முன்னால் கட்டியிருந்த தார்ப்பாய் கிழிந்து, சரியாகக் கண்ணாடிக்கு மேலே மட்டும் தண்ணீர் ஊற்றியது, சோதனை பண்ணிப் பார்ப்பதற்கென்றே கிழிந்த மாதிரி. உள்ளே முன்னறையில் வத்சலா டீச்சர் மூடி போட்ட கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரையிலிருந்து வருகிறாள், சாயங்காலம் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்குவாள், இருட்டுவதற்குள் மலையிறங்கிப் போய் இருட்டிய பிறகு மலையேறி அழைத்து வர வேண்டும். டீச்சருக்கு இவன் அப்பாவின் வண்டிதான் வேண்டும். டாக்ஸி ஸ்டாண்டில் இத்தனை புது வண்டி நிற்க, இந்தப் பழைய வெள்ளைக் காரில்தான் ஏறுவார். "தேவா ஓட்டினா மடியில இருக்கிற டீ சிந்தாது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற மனுஷி. அப்பா பேர் தேவசகாயம். ஸ்டாண்டுக்குத் தேவா.

ஃப்யூஸ் போயிருக்கும்டா, இல்லாட்டி வயரு விட்டிருக்கும், பாரு என்று அப்பா சொல்லிவிட்டுச் சட்டை தேய்க்க உள்ளே போய்விட்டார். சரி என்று இவனும் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஊதி, திருப்பிச் சொருகி, ஒன்றும் போகவில்லை, அப்புறம் வயர், அதுவும் ஒன்றும் விடவில்லை, கழுத்து வலித்ததுதான் மிச்சம். அப்போதுதான் எரிச்சல் வந்தது. இடது பக்கம் ஓடுதே, அப்புறம் எப்படி ஃப்யூஸ்? ரெண்டு கையையும் ஆட்டுவது ஒரே மோட்டார். ரெண்டையும் இணைக்கிற ஒரே இரும்புக் கம்பி உள்ளுக்குள் இங்கிருந்து அங்கே போகிறது. கரண்ட் வராவிட்டால் ரெண்டும் சாகும். ஒன்று ஓடி ஒன்று படுத்தால் கரண்டைத் தேடுவது, ஒரு கண்ணில் தூசி விழுந்ததற்குக் காலைத் தேய்ப்பது மாதிரி. இது இவனுக்கே தெரிகிறது. இருபது வருஷமாக இந்தக் காரைத் தவிர வேறொன்றை ஓட்டாத ஆளுக்குத் தெரியாதா? வாய் தவறிச் சொல்லியிருப்பார். காலையில் எழுந்ததிலிருந்து ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறார், தோசையைப் பாதியில் வைத்துவிட்டார். வாய் தவறிச் சொல்கிற ஆள் இல்லை அப்பா. ஒன்று தெரிந்தால் சொல்லுவார், தெரியாவிட்டால் வாயே திறக்க மாட்டார். செல்வினுக்கு அது வராது. இவனுக்குத் தோன்றினால் வெளியே வந்துவிடும், தும்மல் மாதிரி. பதினொன்றாம் வகுப்பில் யாரோ பெரிய அதிகாரி வந்து போர்டைக் காட்டி எல்லாருக்கும் புரியுதா என்று கேட்டபோது எல்லாரும் புரியுது சார் என்று ராகம் போட, இவன் மட்டும் எழுந்து நின்று, புரியல சார், இவங்க யாருக்குமே புரியல, சும்மா சொல்றாங்க என்று சொல்லித் தொலைத்தான். அதிகாரி சிரித்தார். அவர் போன பிறகு யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துப் படியேறப் பிடிக்கவில்லை, நின்றுவிட்டான். வாயைக் கொஞ்சம் மூடி வச்சிருந்தா இந்நேரம் பன்னெண்டு முடிச்சிருப்பே என்று அம்மா தேயிலை பறிக்கப் போகும்போதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். புரியாததைப் புரியுதுன்னு சொல்லி முடிப்பது என்ன முடிப்பு? அதை விடு. ஃப்யூஸ் இல்லை. அப்பா ஏன் ஃப்யூஸ் என்றார்?

பானெட்டைத் தூக்கி முட்டுக்கொடுத்துவிட்டு, ஓடுகிற கம்பி மேல் விரலை வைத்துப் பார்த்தான். ஜில்லென்று தண்ணீருக்குள் ஏதோ உயிருள்ளது போல அது போய் வந்து போய் வந்துகொண்டிருந்தது. கம்பி ஒழுங்காகத்தான் ஓடுகிறது. வலது பக்கத்து முனை வரை ஓடுகிறது. அந்த முனையில் ஒரு தண்டு மேலே வந்து, அதில்தான் வைப்பர் கை உட்கார்ந்திருக்கிறது, அந்தத் தண்டும் திரும்புகிறது. அப்படியானால் தண்டு திரும்புகிறது, கை திரும்பவில்லை. கணுக்காலில் குறுகுறுத்தது. குனிந்து பார்த்தால் அட்டை, ரத்தம் குடித்து உப்பியிருந்தது. மற்ற நாளென்றால் உப்பு எடுக்க உள்ளே ஓடியிருப்பான். இன்றைக்கு விரலால் வழித்து எறிந்தான், ரத்தம் ஒழுகட்டும், தானாக நிற்கும். தண்டு திரும்புகிறது, கை திரும்பவில்லை. கைக்கு அடியில் மூக்குத்தித் திருகாணி மாதிரி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதை நகத்தால் நெம்பினான், உள்ளே நட்டு. நட்டைத் தொட்டான். அது சுற்றியது. ஸ்பானர் இல்லாமல், வெறும் விரலால், சோடா பாட்டில் மூடியைச் சுற்றுவது போலச் சுற்றியது. ஆ, இவ்வளவுதானா! நெஞ்சுக்குள் ஒரு துள்ளல். கண்டுபிடிச்சாச்சு. நட்டு லூஸ். பத்தாம் நம்பர் ஸ்பானரைப் போட்டு வலது பக்கமாக ஒரு சுற்று சுற்றினால் வேலை முடிந்தது. அப்பா, ஃப்யூஸும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, நட்டு லூஸு என்று கத்த வாயைத் திறந்தவன் கத்தவில்லை. விரலை மூக்குக்குக் கொண்டு போனான். மண்ணெண்ணெய்.

இந்த ஊர் மழையில் நட்டு தானாக லூஸாகாது. துருப்பிடித்து இறுகும். இறுகினால் சாமானியத்தில் விடாது, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டுத்தான் கழற்ற வேண்டும், இதையே அப்பா சொல்லித்தான் இவனுக்குத் தெரியும். நட்டைச் சுற்றித் துரு உடைந்து பொருக்குப் பொருக்காகக் கிடந்தது, மரையின் ஓரம் புதுசாக மின்னியது. வேறு யாரும் பண்ணியிருப்பார்களா? ரபீக் அண்ணன்? ஸ்டாண்டில் அவருக்கும் அப்பாவுக்கும் சவாரி விஷயத்தில் வாய்த்தகராறு உண்டுதான், ஆனால் ரபீக் அண்ணன் கோபம் வந்தால் நேரே வந்து சட்டையைப் பிடிக்கிற ஆள், அடுத்தவன் வாசலில் வந்து நட்டைத் தடவிக்கொண்டிருக்க மாட்டார். திருடனா? திருடன் என்றால் வைப்பரையே கழற்றிக்கொண்டு போயிருப்பான். கழற்றிவிட்டு மூடியை வேறு பொறுப்பாக அழுத்தி மூடிவிட்டா போவான்? மூடியை அழுத்தி மூடியிருக்கிறது. எதை எடுத்தாலும் எடுத்த இடத்தில் வைக்கிற கை அது. டிக்கியைத் திறந்தான். மஞ்சள் துணிச் சுருட்டுக்குள் ஸ்பானர்கள் நம்பர்வாரியாகப் படுத்திருந்தன, எல்லாம் காய்ந்து கிடக்க, பத்தாம் நம்பர் மட்டும் ஈரம். காலையில் குழாயடியில் அப்பா சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார், முகர்ந்து பார்த்தார், மறுபடி சோப்புப் போட்டார். தூக்கக் கலக்கத்தில் இவன் அதைப் பார்த்துக்கொண்டேதான் பல் தேய்த்தான். அப்பாதான். அப்பாவே அப்பா வண்டியை, ஒரு நாள் விடாமல் துடைத்து மாலை போடுகிற வண்டியை. டிக்கியை மெல்ல மூடினான். சத்தம் கேட்டால் என்னமோ தானே பிடிபட்டுவிடுவோம் போல இருந்தது.

ஏன் என்று யோசிக்கவே வேண்டாம் என்பது மாதிரி, கூப்பிடாமலே அந்தப் போன வாரத்துச் சாயங்காலம் வந்து முன்னால் நின்றது. பொள்ளாச்சியில் சவாரியை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக மலையேறி வந்துகொண்டிருந்தார்கள். மழை. ரெண்டு வைப்பரும் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடின. அப்பா நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்டுகிற அளவுக்கு முன்னால் சாய்ந்து ஓட்டினார். முதுகு வலி போல என்று இவன் நினைத்தான். ஆழியாறு தாண்டி மூன்றாவதோ நான்காவதோ கொண்டை ஊசி வளைவில், முன்னாடி போறது பஸ்ஸாடா, லாரியாடா என்று சாதாரணமாகக் கேட்டார். எங்கப்பா? அதான்டா, அந்தா வெளிச்சமா. அங்கே ஒன்றும் போகவில்லை. வளைவு ஓரத்தில் ஒரு டீக்கடை, டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, அது இருந்த இடத்திலேயே இருந்தது. டீக்கடைப்பா அது, நல்லா கேட்டே போ என்று இவன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பாவும் சிரித்தார். முழிச்சிருக்கியான்னு பார்த்தேன்டா. அந்தக் கடையிலேயே நிறுத்தினார். டீ வாங்கினார், குடிக்கவில்லை, கையில் ஆறிப் போய் ஏடு படிகிற வரை வைத்துக்கொண்டு கீழே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் முக்கி முனகிக்கொண்டு ஏறி வந்தது. டீயைக் கொட்டிவிட்டு ஓடிவந்து வண்டியை எடுத்து அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டார். வால்பாறை வரை. பஸ் நின்றால் நின்றார், பஸ் ஒதுங்கினால் ஒதுங்கினார். ஓவர்டேக் பண்ணுப்பா, இதுக்கு நடந்தே போயிரலாம், நத்தை தோத்துரும் என்று இவன் வழியெல்லாம் புலம்பினான். அவன் போற வழியில போவோம், என்ன அவசரம் என்றார். இப்போது, காலில் ரத்தம் ஒழுக நின்றுகொண்டிருக்கும்போதுதான் புரிந்தது. அப்பா ரோட்டைப் பார்க்கவேயில்லை. பஸ்ஸின் பின்னால் எரிந்த ரெண்டு சிவப்பு லைட்டைப் பார்த்துத்தான் மலையேறியிருக்கிறார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், நடுவில் இவன் ஓவர்டேக் ஓவர்டேக் என்று பாட்டுப் படித்துக்கொண்டு.

கொஞ்ச நாளாக, சும்மாதானே இருக்கே, கூட வா, பேச்சுத் துணைக்கு ஆச்சு என்று முன்சீட்டில் ஏற்றிக்கொண்டதும் அதற்குத்தான். வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறவனை ஒரு கண் வைத்துக்கொள்ளக் கூட்டிப் போகிறார் என்று இவன் முறைத்துக்கொண்டே ஏறுவான். ஒரு கண் தேவைப்பட்டிருக்கிறது, அது வேறு கணக்கு. சர்ச்சில் கண் கேம்ப் போட்ட ஞாயிற்றுக்கிழமை, சவாரி இருக்கு என்று கிளம்பிப் போனாரே, இவன் மத்தியானம் ஸ்டாண்டுப் பக்கம் போனால் வண்டியிலேயே உட்கார்ந்து பழைய பேப்பரை விரித்து வைத்திருந்தார். பேப்பரை மூஞ்சியில் ஒட்டவைக்காத குறை. பகலில் சமாளிக்கிறார். மழையும் இருட்டும் சேர்ந்தால்தான் முடியவில்லை. முடியல என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொன்னால் ஸ்டாண்டு முழுக்கத் தெரியும், தெரிந்தால் ஒருத்தரும் ஏற மாட்டார்கள், டீ சிந்தாத தேவா அதோடு தீர்ந்தார். டீச்சரிடம் முடியாது என்று அவரால் சொல்ல வராது, கைக்குழந்தையை வைத்து ஓட்டவும் பயம். அதனால் விடிகாலையில் எழுந்து மண்ணெண்ணெய்ப் பாட்டிலையும் பத்தாம் நம்பரையும் எடுத்திருக்கிறார். அந்த இடத்தில் நின்று யோசித்தபோதுதான் இன்னொன்று சுருக்கென்று தைத்தது. மெக்கானிக் கடை கூப்பிடுகிற தூரத்தில் இருக்கிறது. அங்கே காட்டினால் பார்த்த மாத்திரத்தில் இறுக்கி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் இவனிடம் கொடுத்தார். ஃப்யூஸ் என்று வேறு வழியைக் காட்டிவிட்டு. இவன் கண்டுபிடிக்க மாட்டான் என்று அவ்வளவு நிச்சயம். ரெண்டு மாதமாக மெக்கானிக் ஆகப்போறேன், கோயமுத்தூர் போய்ப் பழகப்போறேன் என்று இவன் பீற்றிக்கொண்டதெல்லாம் அவர் காதில் எப்படி விழுந்திருக்கிறது பார். இவனுக்குக் கண் எரிந்தது. இப்பவே உள்ளே போய் நட்டுப்பா என்று சொல்லி, எல்லார் முன்னாலயும் இறுக்கி, வைப்பர் ரெண்டும் டப்புடப்பென்று ஆடுவதைக் காட்டினால் என்ன? காட்டலாம். காட்டிவிட்டு அப்பாவை அந்த இருட்டுக்குள் அனுப்பலாம். தானே ஓட்டலாம் என்றால் லைசென்ஸுக்கு இன்னும் வயசு வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லலாம், டீச்சர், அப்பாவுக்கு மழையில கண்ணு தெரியல, வேற வண்டி பாருங்க. வாய் ரெடியாக இருந்தது. தும்மல் வருகிற மாதிரி மூக்கு வரை வந்து நின்றது.

"என்னடா டாக்டரே, பேஷண்ட் பிழைக்குமா?" குடையை விரித்துக்கொண்டு டீச்சரே வாசலுக்கு வந்துவிட்டார். பார்த்துக்கிட்டே இருக்கேன் டீச்சர் என்றான். "பார்த்துக்கிட்டே இருந்தா? உங்கப்பன் உள்ள சட்டையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கலரே போயிரும் போல. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவ அங்க தனியா நிப்பாடா. அந்த ரபீக் வண்டியில ஏறினா எனக்குக் குடல் வாய்க்கு வந்துரும், ஆனாலும் நீ ஆகாதுன்னு சொன்னா அவனைத்தான் கூப்பிடணும், போனைக் கையிலதான் வச்சிருக்கேன்." சொல்லிக்கொண்டே குனிந்தார். மூடி திறந்தே கிடந்ததை இவன் மறந்துவிட்டான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கோணல் எழுத்தையெல்லாம் தூரத்திலிருந்தே பார்த்த கண் அது. "இதென்னடா, இந்த நட்டு ஆடுது? தேவா! இங்க வா, இது லூஸால்ல இருக்கு?"

அப்பா வாசல்படிக்கு வந்து நின்றார். தேய்த்த சட்டை, வாரின தலை, பவுடர் கூடப் போட்டிருந்தார். நட்டைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்க்கவில்லை, இவனைப் பார்த்தார். அந்தப் பார்வை இவன் மேல் வந்து நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "நட்டா?" என்றார். "அட, நட்டுதானா. நான் ஃப்யூஸுன்னுல்ல நெனச்சேன்." சிரிக்க வேறு செய்தார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது, இவ்வளவு மோசமாகச் சொல்லுவார் என்று செல்வின் நினைத்ததில்லை, பார்க்கச் சகிக்கவில்லை. "அப்ப இறுக்கிருடா. கிளம்பிருவோம் டீச்சர், இன்னும் இருட்டல." சாவியைப் பையிலிருந்து எடுத்தார். "மரை தேய்ஞ்சு போச்சுப்பா, இறுக்கினாலும் பிடிக்காது" என்றான் செல்வின். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. இப்படி ஒரு வாக்கியம் தன்னிடம் இருந்ததே இவனுக்குத் தெரியாது. "இல்லடா, பிடிக்கும்" என்றார் அப்பா. டீச்சர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பதினொண்ணுல நின்னுட்டு மெக்கானிக் ஆகப்போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறே. ஒரு நட்டு போடத் தெரியலையாடா உனக்கு?" காது சூடானது. தெரியும் டீச்சர், உங்களை விட, அப்பா நெனச்சதை விட நல்லாத் தெரியும், நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சாச்சு. "தெரியல டீச்சர்" என்றான். "நீங்க ரபீக் அண்ணனுக்கே போன் போட்டுருங்க."

மழை திடீரென்று வலுத்துத் தார்ப்பாயில் கொட்டியது. டீச்சர் குடைக்குள் திரும்பி நின்று போனைக் காதில் வைத்தார், ஆனால் இன்னும் பேசவில்லை, மணி போய்க்கொண்டிருந்தது. அப்பா படியிறங்கி நனைந்துகொண்டே பக்கத்தில் வந்தார். சோப்பு வாசனைக்கு அடியில் மண்ணெண்ணெய் இன்னும் கொஞ்சம் இருந்தது. "வலது பக்கமா ஒரு சுத்து போதும்டா" என்றார், டீச்சருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக. பிறகு இன்னொரு தடவை, சத்தமில்லாமல், கெஞ்சுகிற மாதிரியா அதட்டுகிற மாதிரியா என்று இவனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை: "இறுக்குடா." செல்வின் டிக்கியிலிருந்து பத்தாம் நம்பரை எடுத்து வந்து நட்டில் மாட்டினான். டீச்சருக்கு முதுகைக் காட்டிக் கண்ணாடி மேல் கவிழ்ந்துகொண்டான். இடது பக்கமாகச் சுற்றினான். இன்னொரு சுற்று. நட்டு மரையை விட்டுக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது, விரல்களை மூடிக்கொண்டான்.